வெர்னா வெட்டிய இரண்டாவது வரி

வெர்னா லமுரூ தொலைபேசியை எடுத்தால் வணக்கம் சொல்லமாட்டார். "வியாழக்கிழமை மத்தியானம் வரும்" என்பார். எங்கள் ஊரான ஹார்லோ ஃபால்ஸில் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெயை லாரியில் அனுப்பும் கம்பெனி ஒன்றில் பல வருடங்களாக அவருக்கு அதுதான் வேலை. ஜனவரி மாதத்தில் அங்கே கூப்பிடுகிறவர்களுக்குத் தெரியவேண்டியது லாரி எப்போது வரும் என்பது மட்டும். எந்தச் சாலையில் பனி, எந்த டிரைவருக்குக் காய்ச்சல் என்பதையெல்லாம் பிறகு கேட்டுக்கொள்வார்கள். அல்லது கேட்கவே மாட்டார்கள்.

இதே வெர்னாதான் எங்கள் மென்பொருளின் மாற்றக் குறிப்புகளை எழுதுகிறார். நிரல் எழுத அவருக்குத் தெரியாது, கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை. ஒவ்வொரு புதிய பதிப்பு வெளிவரும்போதும் என்ன மாறியிருக்கிறது, அதனால் உங்களுக்கு என்ன ஆகும் என்று பயன்படுத்துகிறவர்களுக்கு நாலைந்து வரியில் சொல்வது அவர் பொறுப்பு.

மென்பொருளின் பெயரைத் தமிழில் சொட்டு என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊர் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கும் ஒரின் ஃபிஸ்க், தன் அப்பாவின் மேப்பிள் தோப்புக்காக எழுதியது. வசந்தத்தில் இரவு உறைந்து பகலில் வெயிலடித்தால், துளை போட்ட மேப்பிள் மரத்திலிருந்து இனிப்புச் சாறு ஓடும். மரத்துக்கு மரம் மெல்லிய குழாய் போய், எல்லாம் ஒரு தடித்த குழாயில் சேர்ந்து, பாகு காய்ச்சும் கொட்டகைக்கு வரும். மோட்டார் ஒன்று சாற்றை உறிஞ்சி இழுக்கும். எங்காவது ஓர் அணில் குழாயைக் கடித்துவிட்டால் காற்று புகுந்து, உறிஞ்சும் வேகம் போய்விடும். அந்த வரிசை முழுக்கச் சாறு வராது. குழாய்களின் முனையில் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கின்றன. வேகம் குறைந்தால் அவை சொட்டுக்குச் சொல்லும், சொட்டு போனிலோ கணினியிலோ அலாரம் அடிக்கும். வெளிக்குளிரை அளக்கும் வெப்பமானிப் பெட்டி ஒன்றும் உண்டு. இலவசம்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். திட்டத்தின் வலைப்பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வெர்னா எங்களோடு சேர்ந்தது ஒரு சண்டையில். அவருக்கும் ஒரு சிறிய தோப்பு உண்டு. ஒரு வசந்தத்தில் மோட்டாரை நிறுத்தும் பட்டனை ஒரின் இடமிருந்து வலத்துக்கு மாற்றிவிட்டார். குறைகளைப் பதிவு செய்யும் பக்கத்தில் வெர்னா இப்படி எழுதினார்: "என் வீட்டு நாற்காலியை நகர்த்துறதா இருந்தா சொல்லிட்டு நகர்த்துவீங்களா மாட்டீங்களா?"

"மாற்றக் குறிப்பில் இருக்கிறதே" என்று ஒரின் பதில் போட்டார்.

வெர்னா அந்தக் குறிப்பைத் தேடிப் படித்தார். 'இடைமுகக் கூறுகளின் மறுசீரமைப்பு; பல்வேறு மேம்பாடுகள்' என்று இருந்தது. "இதுல நாற்காலி எங்கய்யா இருக்கு?" என்று கேட்டார்.

"அப்படியானால் நீங்களே எழுதுங்கள்."

இந்த மாதிரித் திட்டங்களில் இது வழக்கம். குறை சொல்கிறவரிடம் வேலையைக் கொடுத்தால் பெரும்பாலோர் வாயை மூடிக்கொள்வார்கள். வெர்னா அன்று மாலையே எழுதி அனுப்பினார்: 'நிறுத்தும் பட்டன் வலது பக்கம் போய்விட்டது. இடது பக்கம் அழுத்தினால் ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்.' இருவரும் ஒரே ஊர்க்காரர்கள் என்பது அடுத்த குளிர்காலத்தில்தான் தெரியவந்தது. எண்ணெய் வரவில்லை என்று ஒரின் கம்பெனியைக் கூப்பிட்டுத் தன் பெயரைச் சொன்னபோது, "பட்டனை நகர்த்துன ஆளா நீ? லாரியையும் அப்படித்தான் நகர்த்தியிருப்பாங்க, குறிப்புல பாரு" என்று வெர்னா சொன்னதாகக் கேள்வி.

அவருடைய குறிப்புகளுக்கு ரசிகர்கள் உண்டாயினர். எழுதி முடித்ததும், எண்ணெய்க்குக் கூப்பிடுகிற யாராவது ஒருவருக்குப் படித்துக் காட்டுவார். "உங்க லாரி செவ்வாய்க்கிழமை வரும். ஒரு நிமிஷம், இதைக் கேட்டுட்டு என்ன புரிஞ்சுதுன்னு சொல்லுங்க." புரியவில்லை என்றால் மறுபடி எழுதுவார். ஒரின் அனுப்பும் வரைவில் முதல் வாக்கியம் விஷயமாக இருக்கும். இரண்டாவது எப்போதும் உள்ளே என்னத்தைக் கழற்றி எங்கே மாட்டினேன் என்ற பெருமையாக இருக்கும். வெர்னா அதை 'ஒரினோட வால்' என்பார். வாலைப் பார்த்தாலே வெட்டிவிடுவார்.

இந்த வருடம் ஜனவரியில் குளிர் மோசம். எண்ணெய் கம்பெனியில் தொலைபேசி ஓயவில்லை. அந்த வாரத்தில்தான் ஒரின் புதிய பதிப்பை முடித்தார். பல வருடமாக எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த மாற்றம் அதில் இருந்தது. ராத்திரியில் குழாய் உறைந்தால் சொட்டு அதை ஓட்டை என்று நினைத்து அலறும். இனிமேல் உறைபனியில் அலறாது. வெர்னா வரைவை வாங்கி, வாலை வெட்டி, யாருக்கும் படித்துக் காட்ட நேரமில்லாமல் வெளியிட்டார்: 'உறைபனி ராத்திரியில் அலாரம் இனி உங்களை எழுப்பாது. நிம்மதியாகத் தூங்குங்கள்.' அவர் எழுதியதிலேயே அதிகப் பாராட்டு வாங்கிய குறிப்பு அது.

மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை, வெர்னாவின் கொட்டகையில் பாகுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். மரங்களில் துளை போட்டுச் சில வாரம் ஆகியும் குளிர் விடவில்லை. செவ்வாய்க்கிழமை நல்ல வெயில் வரும், இந்த வருடத்தின் முதல் பெரிய சாறு ஓட்டம் அன்றுதான் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்படிப்பட்ட நாட்கள் ஒரு வசந்தத்தில் கொஞ்சம்தான் வரும். ஒன்றைத் தவறவிட்டால் அந்தச் சாறு போனதுதான்.

பக்கத்துத் தோப்புக்காரர் லூசியன் கபூரி ஒரு பை டோனட்டோடு உள்ளே வந்தார். எழுபது வயது. குரல் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது.

"வெர்னா, கையைக் குடும்மா, ஒரு முத்தம் குடுக்கணும்."

"முதல்ல டோனட்டைக் கீழ வைங்க. என்ன விஷயம்?"

"இந்த வருஷத்து அப்டேட்டு மாதிரி இதுவரைக்கும் வந்ததே இல்ல. ஒரு தடவகூட அலாரம் அடிக்கல. போன வருஷம் போனையும் என்னையும் சோபாவுக்குத் துரத்திட்டா என் பொண்டாட்டி. இப்ப திரும்பச் சேத்துக்கிட்டா."

"அதுக்குத்தானே மாத்தினது" என்றார் வெர்னா. முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. "உறைபனியில அடிக்காது."

"ராத்திரி மட்டுமா? பகல்லயும் மூச்சு விடல. நேத்து மத்தியானம் வெயில் அடிச்சப்ப மோட்டாரைப் போட்டுட்டு நானே ஒரு குழாயைக் கழட்டி மாத்தினேன். அப்பவும் சத்தம் இல்லியே! அவ்வளவு மரியாதை தெரிஞ்ச செயலி."

வெர்னா கழுவுவதை நிறுத்தினார்.

"மோட்டார் ஓடும்போதா கழட்டினீங்க?"

"ஆமா."

"வெயில்லயா?"

"ஏம்மா, போலீஸ்காரி மாதிரி கேக்குற?"

வெர்னா ஈரக் கையோடு போய் மோட்டாரைப் போட்டார். சுவரோரமாக வந்த குழாயைப் பிடித்து இழுத்துக் கழற்றினார். காற்று உஸ்ஸென்று உள்ளே போனது. வெளியே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. மேஜைமேல் இருந்த அவருடைய போன் பேசாமல் கிடந்தது. நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கூப்பிடு ஒரினை" என்றார் என்னிடம்.

ஒரின் வந்ததும் போனை வாங்கிப் பார்த்தார். "சொட்டோட அமைப்புப் பக்கத்துல வெப்பமானி எதுன்னு நீங்க சொல்லவே இல்லியே, வெர்னா."

"சொல்லணுமா?"

"குறிப்புல எழுதியிருந்தேனே." தன் வரைவை எடுத்துக் காட்டினார். இரண்டு வாக்கியங்கள். முதலாவது எங்களுக்குத் தெரிந்ததுதான். இரண்டாவது இது: 'எந்தப் பெட்டி வெப்பமானி என்று அமைப்பில் குறிப்பிடும்வரை, வெளியே உறைபனி என்றே சொட்டு எடுத்துக்கொள்ளும்.'

"இதை வெட்டினது யாரு?" என்றார் லூசியன்.

"நான்தான்" என்றார் வெர்னா. "எல்லா வாலையும் வெட்டுவேன். இதையும் படிக்காமலே வெட்டியிருக்கேன்."

பிறகு வெர்னா தலையை நிமிர்த்தினார். "ஆனா ஒண்ணு சொல்லு. ஒண்ணும் தெரியாதப்ப உறைபனின்னு ஏன் வச்ச? வெயில்னு வச்சிருக்கலாமே?"

ஒரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதினது ஜனவரியில. சன்னல் வழியாப் பார்த்தேன்."

லூசியன் சிரித்ததில் டோனட் புரைக்கேறிவிட்டது. "வாத்தியாரே, ஜூலையில எழுதியிருந்தீங்கன்னா பொழச்சிருப்போம்!"

ஆனால் சிரிக்கிற விஷயமாக அது இல்லை. புதிய பதிப்பைப் போட்டவர்கள் அத்தனை பேர் கையிலும் ஊமை அலாரம். செவ்வாய்க்கிழமை அவர்கள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து பாகு காய்ச்சிக்கொண்டிருப்பார்கள்; போன் பேசாமல் இருப்பதால் தோப்பில் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்வார்கள். அதுவும் நிம்மதியாகத் தூங்கச் சொன்னது வெர்னா.

"இப்பவே திருத்தி வேற பதிப்பு போட்டுடறேன்" என்றார் ஒரின்.

"போட்டு? யாரு எடுப்பா? மரத்துல துளை போட்ட பிறகு ஏப்ரல் வரைக்கும் புதுப் பதிப்பு போடாதீங்கன்னு வருஷா வருஷம் கத்துறேன். இப்பத்தான் கேக்க ஆரம்பிச்சிருக்காங்க, பாவிங்க."

"எல்லாருக்கும் மெயில் போடலாம்."

"எந்த எல்லாருக்கும்?"

சொட்டு யாரையும் உளவு பார்க்காது என்பது ஒரினுடைய பெருமை. யார் எடுத்தார்கள், எந்த ஊரில் வைத்திருக்கிறார்கள் என்று அது எங்களுக்குச் சொல்வதே இல்லை. எங்களுக்குத் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்து ஆட்களும், இணையத்தில் எங்களோடு சண்டை போடுகிறவர்களும்தான். பேசாமல் பயன்படுத்துகிறவர்கள் எத்தனை பேர் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

நான் வானிலை வரியை யோசனையாகச் சொன்னேன். சொட்டைத் திறந்தால் மேலே ஒரு வரியில் அந்தந்த ஊரின் அன்றைய வானிலை வரும். அது எங்கள் வலைப்பக்கத்தின் வழியாகத்தான் போகிறது; எந்த ஊருக்கு, யாருக்கு என்று எதுவும் பதிவாகாது. சாறு இறங்கும் காலத்தில் காலையில் எழுந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது அந்த வரியை.

"கூடாது" என்றார் ஒரின் உடனே. "அந்த வரியில வானிலை தவிர வேற எதுவும் வராதுன்னு முதல் பக்கத்துலயே சத்தியம் பண்ணியிருக்கோம். ஒரு தடவை உடைச்சா அப்புறம் ஆயிரம் விளம்பரம் வரும்."

"வானிலைதான் சொல்லப்போறேன்" என்றார் வெர்னா.

"அலாரம் எப்படி வானிலை ஆகும்?"

"பனி கொட்டும்னு சொல்றவங்க, வண்டிக்குப் பனி டயரை மாட்டிக்கோங்கன்னும் சொல்றாங்களா இல்லியா? அதை விளம்பரம்னு யாராவது சண்டைக்குப் போனாங்களா?"

ஒரின் யோசித்தார். சத்தியத்தை எழுதியவரும் அவர்தான், ஜனவரியில் சன்னல் வழியாகப் பார்த்தவரும் அவர்தான். "ரெண்டு நாள்" என்றார் கடைசியில். "எடுத்ததும் ஏன் போட்டோம்னு முதல் பக்கத்துல எழுதணும்."

"எழுதுறேன். வாலோட எழுதுறேன்."

அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். முதலில் எழுதியதை லூசியனுக்குப் படித்துக் காட்டினார்: "உங்கள் அலாரம் தற்போது ஊமையாக உள்ளது."

"புரிஞ்சுது. பெட்டி கெட்டுப்போச்சு, புதுசு வாங்கணும்" என்றார் லூசியன்.

அதை அடித்துவிட்டு நீளமாக ஒரு மன்னிப்பு எழுதினார். ஒரினுக்கு அது பிடித்திருந்தது. லூசியன் மரியாதையாகக் கேட்டுமுடித்துவிட்டு, "மன்னிச்சிட்டேன். எதுக்குன்னு சொல்லு" என்றார்.

மூன்றாவது இப்படி வந்தது: 'நாளை சாறு ஓடும். உங்கள் அலாரம் அடிக்காது, தவறு எங்களுடையது. அமைப்பில் போய் வெப்பமானியைத் தொடுங்கள். பிறகு ஒரு குழாயைக் கழற்றிப் பாருங்கள். அலறினால் சரி.'

லூசியன் எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அலாரம் கேட்டது. அதற்கும் மேலாக லூசியனின் குரல் அவருடைய தாய்மொழியான பிரெஞ்சில் கேட்டது. என்ன சொல்கிறார் என்று வெர்னாவைக் கேட்டேன்.

"சரியா வேலை செய்யுதுன்னு சொல்றார். அம்மாவை ஏன் இழுக்கிறார்னுதான் தெரியல."

திங்கட்கிழமை விடியும்போது வரி எல்லோருடைய திரையிலும் இருந்தது. அதோடு விடவில்லை வெர்னா. அன்று எண்ணெய்க்குக் கூப்பிட்ட ஒவ்வொருவரிடமும் சொன்னார். எண்ணெய் கணக்கு எழுதித்தரப் போயிருந்த எனக்கு அவர் பக்கத்துப் பேச்சும், ஒலிபெருக்கியில் எதிர்ப்பக்கமும் கேட்டன.

"எங்ககிட்ட மரமே இல்லீங்களே. மாடி வீட்டுல வாடகைக்கு இருக்கோம்."

"மரம் வச்சிருக்கிற யாரையாவது தெரியுமில்ல?"

"மாமனார் வச்சிருக்கார். ஆனா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல."

"இதுதான் சாக்கு. கூப்பிட்டுப் பேசுங்க. உங்க லாரி நாளைக்கு வரும்."

மத்தியானத்திலிருந்து மின்னஞ்சலில் திட்டுக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஒன்டாரியோவிலிருந்து ஒரு பள்ளிக்கூடம், அலாரம் பாடவேளையில் அடிப்பதாகப் புகார் சொன்னது. நியூயார்க் மாநிலத்து மலையடிவாரத்தில் ஓர் அண்ணன் தம்பி, யார் குழாயைக் கழற்றுவது என்பதில் தங்களுக்குள் சண்டை மூட்டிவிட்டதாக எழுதினார்கள். விஸ்கான்சினில் ஒரு கன்னியர் மடத்திலிருந்து வந்த கடிதம் மிகப் பணிவாக இருந்தது: 'நீங்கள் சொன்னபடி சகோதரிகள் ஆளுக்கொரு குழாயைக் கழற்றினோம். அலாரம் அருமையாக அடிக்கிறது. எந்தக் குழாய் எங்கே இருந்தது என்பதையும் நீங்களே தெரிவித்தால் நன்றாக இருக்கும்.'

வெர்னா ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தார். திட்டு எவ்வளவு காரமோ அவ்வளவு குஷி அவருக்கு. "இவங்க தப்பிச்சாங்க" என்று சொல்லி அடுத்ததை எடுப்பார். செவ்வாய்க்கிழமை சாறு ஓடியது. ஊர் முழுக்க நீராவியும் சர்க்கரை வாசனையும். வெர்னாவின் கொட்டகையில் விறகு போட்டுப் போட்டு ஒரினின் புருவம் கருகியது.

புதன்கிழமை நாங்கள் எண்ணெய் கம்பெனியில் இருந்தபோது மெய்ன் மாநிலத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எல்வுட் டிரஃப்டன் என்று கையெழுத்து. 'வானிலை வரியை நான் அணைத்து வைத்திருக்கிறேன். வானத்தைப் பார்க்க எனக்குச் சன்னல் இருக்கிறது. நேற்று என் பெரிய வரிசையில் ஓட்டை. சாயங்காலம் வரை தெரியாது. ஒரு நாள் ஓட்டம் போய்விட்டது. நிம்மதியாகத் தூங்கச் சொன்னது யார்?'

வெர்னா இதை உரக்கப் படிக்கவில்லை. பதில் எழுதட்டுமா என்று ஒரின் கேட்டதற்கு வேண்டாம் என்றார். கடிதத்தின் கீழே இருந்த எண்ணைத் தன் மேஜைத் தொலைபேசியிலேயே சுழற்றினார்.

"டிரஃப்டன்" என்றது ஒரு கரகரத்த குரல்.

"தூங்கச் சொன்னது நான்தாங்க. வெர்னா. வெப்பமானி பத்தி ஒரு வரி இருந்துச்சு. அதை வெட்டினதும் நான்தான்."

எதிர்ப்பக்கம் அடுப்பில் விறகு போடும் சத்தம் கேட்டது.

"ஏதோ கம்ப்யூட்டர் பையன் பேசுவான்னு நெனச்சேன்" என்றார் அவர். "திட்டுறதுக்கு வார்த்தையெல்லாம் எடுத்து வச்சிருந்தேன். நீங்க பேசுறது எங்க அக்கா மாதிரி இருக்கு."

"அக்காவைத் திட்டமாட்டீங்களா?"

"திட்டுவேன். தப்புன்னு ஒத்துக்கமாட்டா, அதனால திட்டுவேன். நீங்க முதல்லயே ஒத்துக்கிட்டா நான் என்னத்தச் சொல்றது?"

"சொல்லுங்க. கேக்கத்தான் கூப்பிட்டேன்."

அவர் சொன்னார். நிறையச் சொன்னார். அந்த வரிசை அவருடைய தாத்தா காலத்து மரங்கள் என்றும், முதல் ஓட்டத்துப் பாகைத்தான் வருடாவருடம் மகள்களுக்கு அனுப்புவது என்றும், இந்த வருடம் இரண்டாவது ஓட்டத்தை முதலாவது என்று பொய் சொல்லி அனுப்பவேண்டும் என்றும் சொன்னார். வெர்னா குறுக்கே பேசவில்லை. மற்ற இரண்டு தொலைபேசிகளும் அடித்துக்கொண்டே இருந்தன. நான் எடுத்து, லாரி வரும் கிழமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு ஓடுதா?" என்று கேட்டார் வெர்னா.

"ஓடுது. நாளைக்கும் ஓடும்."

"எங்க இருந்து பேசறீங்க?"

"கொட்டகையில."

"அப்ப போனை வைக்காதீங்க. அங்க இருக்கிற கம்ப்யூட்டர்ல சொட்டைத் திறங்க. அமைப்பு. கீழ, இன்னும் கீழ. வெப்பமானின்னு இருக்கா?"

"இருக்கு. இவ்வளவு சின்ன எழுத்துல வச்சா எந்த மடையன் பார்ப்பான்?"

"நான் பார்க்கல. தொட்டாச்சா?"

"தொட்டாச்சு."

"இப்ப பக்கத்துல இருக்கிற குழாயைக் கழட்டுங்க."

நாற்காலி நகரும் சத்தம். கனமான பூட்ஸ் நடக்கும் சத்தம். காற்று உஸ்ஸென்றது. அடுத்த நொடி ஒலிபெருக்கி அலறியது. எண்ணெய் கம்பெனியில் எல்லோரும் துள்ளி எழுந்தோம். டிரைவர் ஒருவர் காப்பியைக் கொட்டிக்கொண்டார்.

"என்னங்க அது?" என்று வெர்னா கத்தினார்.

"காது மந்தம் எனக்கு. பழைய தீயணைப்பு வண்டி சைரனை வாங்கிச் சுவத்துல மாட்டியிருக்கேன்" என்று அவரும் கத்தினார். "கேக்குதா?"

"மெய்ன் பூரா கேக்கும்! குழாயை மாட்டுங்க, நின்னுடும்!"

"மாட்டுறேன், மாட்டுறேன்" என்றார் எல்வுட் டிரஃப்டன். "கொஞ்ச நேரம் அடிக்கட்டும்மா."